ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும்: ஒரு லத்தீன் வினையோடு மல்லுக்கட்டியது

லத்தீன் அகராதியில் பெரும்பாலான வினைகளுக்கு நான்கு வடிவங்கள் கொடுத்திருப்பார்கள்: ‘செய்கிறேன்’, ‘செய்தல்’, ‘செய்தேன்’ போன்ற மூன்றும், ‘செய்யப்பட்ட’ மாதிரி வடிவங்களுக்கு அடிப்படையான நான்காவதும். அவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றதையெல்லாம் நாமே கட்டிக்கொள்ளலாம். ‘ஃபெரோ’ வரும்வரை எனக்கு இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும். முதல் இரண்டும் சரி. ‘துலீ’யும் ‘லாத்தும்’மும் இதே வினை என்று எப்படி நம்புவது?

பொருள்: சுமக்கிறேன், கொண்டுவருகிறேன், தாங்கிக்கொள்கிறேன். பளுவுக்கும் பொறுமைக்கும் நாம் ‘பொறை’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால் இது புதிதாகத் தெரியவில்லை. ‘ஃபெருன்த்’ என்று பன்மையில் சொன்னால் ‘சொல்கிறார்கள்’ என்றும் பொருள் வரும். நம் இலக்கண நூல்களின் ‘என்ப’ மாதிரி.

நிகழ்காலத்தில் தொல்லை குறைவு. ‘மித்தோ’ (அனுப்புகிறேன்) போன்ற ஒழுங்கான வினையில் மித்திஸ், மித்தித் என்று நடுவே ஓர் உயிர் ஒலிக்கும். ஃபெரோவில் அது சில இடங்களில் இல்லை: ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்திஸ். ஏவலும் வெறும் ‘ஃபெர்’தான். அட்டவணையில் இதைத் தாண்டி அதிகம் பயப்பட ஒன்றுமில்லை.

என்னை உண்மையில் படுத்தியது இறந்தகாலம். இந்த வினையின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகுதான் வழி கிடைத்தது. ஃபெரோவின் வேர் ஒன்று. சமஸ்கிருத ‘பரதி’க்கும் கிரேக்க ‘ஃபெரோ’வுக்கும் உறவு. நாம் அன்றாடம் சொல்லும் ‘பாரம்’கூட அந்த வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். ‘துலீ’யின் வேர் வேறு, தூக்குதல், தாங்குதல் என்ற பொருளுடையது. பழைய நாடக ஆசிரியர் பிளாட்டஸிடம் ‘தெத்துலீ’ என்றே வருகிறது. ‘லாத்தும்’ முன்பு ‘த்லா’ என்று தொடங்கி, முதல் மெய்யை இழந்த வடிவம். ஆக, துலீயும் லாத்தும்மும் அண்ணன் தம்பி. நான்கு புதிர்கள் என்று நினைத்தது இரண்டு வேர்களாகச் சுருங்கியதும் மனத்தில் தங்கிவிட்டது. பாடப்புத்தகங்கள் இந்த ஒரு வரியை ஏன் எழுதுவதில்லை என்று இன்னும் எரிச்சல்தான்.

அப்புறம் முன்னொட்டுகள். பாடம் வாசிக்கும்போது ஃபெரோ தனியாக வருவதைவிடக் கூட்டாளிகளோடு வருவதே எனக்கு அதிகம் எதிர்ப்பட்டது. ‘அத்’ சேர்ந்தால் அஃபெரோ, அத்துலீ, அல்லாத்தும். ‘அப்’ சேர்ந்தால் அவ்ஃபெரோ, அப்ஸ்துலீ, அப்லாத்தும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் புணர்ச்சி பெரிய விஷயமில்லை. ஆனால் ‘அல்லாத்தும்’ என்பதைப் பார்த்து அகராதியில் எங்கே போய்த் தேடுவது? நான் ஒரு தாளில் இடப்பக்கம் லாத்தும் கூட்டங்களையும் வலப்பக்கம் அவற்றின் ஃபெரோ வடிவங்களையும் எழுதி, இடமிருந்து வலமாக மட்டும் பயிற்சி செய்தேன். தெரிந்த ஆங்கிலமும் கைகொடுத்தது: ரெஃபர்–ரிலேட், டிரான்ஸ்ஃபர்–டிரான்ஸ்லேட். எல்லாம் இதே ஜோடிகள்.

கடைசிச் சிக்கல் ‘சுஸ்துலீ, சுப்லாத்தும்’. வடிவத்தைப் பார்த்தால் ‘சுப்’ முன்னொட்டு சேர்ந்த ‘சுஃபெரோ’வுக்கு உரியவை. ஆனால் ‘தொல்லோ’ (தூக்குகிறேன்) என்ற வினை இரண்டையும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதுவும் துலீயின் வேர்தான் என்பதால் உரிமை இல்லாமல் இல்லை. தொல்லோவுக்கு ‘தூக்கி நிறுத்து’, ‘ஒழித்துக்கட்டு’ என்று இரண்டு பொருளும் உண்டு. கிமு 43இல், பின்னாளில் பேரரசன் அகஸ்டஸ் ஆன இளைஞன் ஒக்டேவியனைப் பற்றி ரோமப் பேச்சாளர் சிசரோ சொன்னதாக, ரோமத் தளபதி டெசிமஸ் புரூட்டஸ் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: அவனைப் பாராட்ட வேண்டும், கௌரவிக்க வேண்டும், ‘தொல்லெண்டும்’. உயர்த்தவா, தீர்த்துக்கட்டவா? சிசரோ இரண்டையும் நினைத்தே சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். பேச்சு ஒக்டேவியன் காதுக்கும் போய்விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சிசரோ கொல்லப்பட்டார். அவர் பெயர் இருந்த கொலைப் பட்டியலுக்கு ஒக்டேவியனும் உடன்பட்டிருந்தான்.