சர்டிஃபிகேட் கேட்டவரும் 4418-ம் பில்லும்

"தம்பி, டெஸ்ட்டெல்லாம் எதுக்குங்க, அந்த சர்டிஃபிகேட்ட மட்டும் குடுத்துடுங்க" என்றுதான் அந்த முதலாளி பேச்சையே ஆரம்பித்தார். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, பெயர் வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் நீளமான கேள்வித்தாள் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி, கடைசியாக எப்போது பெனட்ரேஷன் டெஸ்ட் செய்தீர்கள், யார் செய்தார்கள் என்று. ஃபயர் ஆடிட், சோஷியல் ஆடிட் வரிசையில் இதுவும் ஒன்று, ஆள் வருவார், டீ குடிப்பார், சீல் வைத்துவிட்டுப் போவார் என்று அவர் நினைத்துக்கொண்டார். "எங்ககிட்ட திருடறதுக்கு என்னங்க இருக்குது, நூலும் துணியும்தான்."

இதுதான் என் பிழைப்பு. கம்பெனிக்காரரே காசு கொடுத்து, என் வீட்டுப் பூட்டை உடைத்துப் பார் என்று சொல்வார், நான் உடைத்துப் பார்த்து எழுதிக் கொடுப்பேன். (எத்திக்கல் ஹேக்கிங் என்று சொன்னால் கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தர் ஓரமாகக் கூட்டிப்போய், இன்னாருடைய வாட்சப்பைப் பார்க்க முடியுமா என்று கேட்பது தனிக்கதை.)

சரி என்று ஒப்புக்கொண்டதும் நான் முதலில் கேட்டது பாஸ்வேர்டை அல்ல, கடிதத்தை. எந்த சர்வர், எந்த வெப்சைட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எதைத் தொடக்கூடாது, ராத்திரி ஏதாவது படுத்துவிட்டால் யாருக்கு போன் போடுவது, எல்லாம் எழுதி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து. அவருக்குச் சிரிப்பு. "நம்ம பழகுன பையன், லெட்டர் எதுக்கு?" என்றார். நமது ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 43-ம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரைத் தொட்டாலே நஷ்டஈடு கட்டவேண்டும் என்கிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்ததாக 66-ம் பிரிவில் மாட்டினால் மூன்று வருடம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும்.

கடிதம் இருந்தும் மாட்டியவர்கள் உண்டு. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், இதே வேலை செய்கிற கோல்ஃபயர் என்ற கம்பெனியின் இரண்டு பேர் ராத்திரி நேரத்தில் ஒரு கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து சோதனை செய்துகொண்டிருந்தார்கள். வேலை கொடுத்தது மாநில நீதித்துறை, கையில் கடிதமும் இருந்தது. ஆனால் கட்டடம் கவுன்டிக்குச் சொந்தம், மாநிலம் எப்படி அனுமதி கொடுக்கலாம் என்று கவுன்டியின் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் உள்ளே தள்ளிவிட்டார். வழக்கை வாபஸ் வாங்க 2020 ஜனவரி ஆயிற்று. அதனால் கடிதம் இருந்தால் மட்டும் போதாது, கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் அந்த இடம் சொந்தமா என்பதையும் கேட்டுவிடுவேன். இந்தக் கம்பெனியில்கூட ஒரு சர்வர் அவர்களுடையது இல்லை, சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவரின் வாடகை சர்வர், அவரிடமும் தனியாக எழுதி வாங்கினேன், அதற்கே நாலு நாள் போயிற்று.

முதல் நாள், தெரிந்த ஓட்டைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன், பெரிதாக ஒன்றும் வரவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் நம்பிக்கை கிடையாது. 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் விவரக் கம்பெனியில் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போயின, வெப்சைட் கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக. அதற்கு மார்ச்சிலேயே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வந்துவிட்டது, அவர்களும் அதே மார்ச்சில் ஸ்கேன் செய்தார்கள். ஓட்டை இருந்த சிஸ்டம் ஸ்கேனில் சிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் பிரவுசரைத் திறந்து சும்மா உட்கார்ந்தேன். ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கென்று ஒரு போர்ட்டல் வைத்திருக்கிறார்கள், பவர் டேபிள், அயர்னிங், செக்கிங் எடுத்துச் செய்கிற சின்ன யூனிட்டுகள் லாகின் செய்து தங்கள் பில்லைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு சோதனைக் கணக்கு கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பில்லைத் திறந்தால் பிரவுசரின் மேலே இருக்கும் வெப் முகவரியின் கடைசியில் 4417 என்று இருந்தது. 7-ஐ அழித்துவிட்டு 8 போட்டேன்.

வேறொரு யூனிட்டின் பில் வந்து நின்றது. எத்தனை பீஸ், என்ன ஸ்டைல், பீஸ் ரேட் எவ்வளவு, பேங்க் கணக்கு எண் உட்பட. 4419 போட்டேன், அதுவும் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன். லாகின் செய்த ஆள் யார் என்று போர்ட்டல் பார்க்கிறது, அந்த பில் அவருடையதுதானா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, பெரிய ஓட்டைகள் என்று 2021-ல் வெளியிட்ட டாப் 10 பட்டியலில் இந்த ரகத்துக்குத்தான் முதலிடம். இதைச் செய்ய ஹேக்கிங் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் வேண்டாம், கறுப்புக் குல்லா வேண்டாம், ஒரு விரல் போதும்.

அப்புறம் ஓடிபி. பாஸ்வேர்டு மறந்தால் நாலு இலக்க எண் வரும், 10 நிமிடம் செல்லும். நாலு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள். எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் போர்ட்டல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் சோதனைக் கணக்கின் மேல் விநாடிக்கு 50 என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் விட்டேன், கடைசி எண் வரை போனாலும் மூன்றரை நிமிடம் ஆகாது.

ஆறு இலக்கம் வைத்தால் சரியாகிவிடும் என்றார் சாஃப்ட்வேர்க்காரர். அவருக்கு என்னை மாதிரியே ஓட்டை தேடுகிற நம்ம ஊர் லக்ஷ்மண் முத்தையாவின் கதையைச் சொன்னேன். இன்ஸ்டாகிராமில் ஆறு இலக்கம்தான், அதே 10 நிமிடம்தான், ஒரே ஐபியிலிருந்து (இணையத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரி எண்) நிறைய முயன்றால் தடுக்கவும் செய்தார்கள். முத்தையா 1,000 ஐபிகளிலிருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் முயற்சிகளை அனுப்பி, தடுப்பு வேலை செய்யவில்லை என்று காட்டினார். 10 லட்சத்தையும் போட்டுப் பார்க்க 5,000 ஐபி போதும், கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் சுமார் 150 டாலர் என்பது அவர் கணக்கு. 2019-ல் ஃபேஸ்புக் அதற்காக 30,000 டாலர் கொடுத்தது. அதனால் இலக்கத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, ஒரு ஐபிக்கு எத்தனை முயற்சி என்று எண்ணாமல் ஒரு கணக்குக்கு எத்தனை முயற்சி என்று எண்ண வேண்டும், ஐந்து தடவை தப்பானால் அந்த ஓடிபியே செத்துப்போக வேண்டும்.

பொய் மெயில் அனுப்பி யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும் ஃபிஷிங் சோதனையும் செய்தோம், தீபாவளி போனஸ் பட்டியல் என்று ஒரு மெயில். யார் யார் கிளிக் செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலை நான் எப்போதும் கொடுப்பதில்லை, அதை வைத்து ஆளைத் திட்டுவார்களே தவிர வேறு ஒன்றும் நடக்காது. முதலாளி விடாமல் கேட்டார். முதலில் கிளிக் செய்தது நீங்கதாங்க அண்ணா என்றேன், அதற்கப்புறம் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டும்போது மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டியவர், 4418-ம் பில் படத்தில் பீஸ் ரேட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே வேலைக்கு இரண்டு யூனிட்டுக்கு இரண்டு ரேட். "இது வெளிய தெரிஞ்சா ஊரே வந்து நிக்குமுங்க." திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. சர்டிஃபிகேட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, சாஃப்ட்வேர்க்காரருக்கு அங்கேயே போன் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ரீடெஸ்ட்டுக்குப் போனேன். ரீடெஸ்ட்டுக்குக் காசு எதற்கு என்று இழுக்கிறவர்கள்தான் அதிகம், அடைத்தேன் என்று சொன்ன ஓட்டையில் பாதி அடைபடாமல் கிடப்பதைப் பார்த்த பிறகு அதை முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுகிறேன். இங்கே ஒழுங்காகச் செய்திருந்தார்கள். 4418 போட்டேன், அனுமதி இல்லை என்றது. ஓடிபி ஐந்தாவது தப்பில் செத்தது.

கிளம்பும்போது அக்கவுன்டன்ட் அக்கா சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். முந்தின நாள் ஒரு அயர்னிங் யூனிட்காரர் போன் செய்தாராம். "அக்கா, போன மாசம் வரைக்கும் பக்கத்து யூனிட்டு பில்லும் தெரிஞ்சிட்டு இருந்துச்சுங்க, இப்ப வரமாட்டேங்குது, போர்ட்டல் ஏதாச்சும் ரிப்பேருங்களா?"