எலாஸ்டிக்சர்ச் இன்டெக்ஸை இன்னொரு கிளஸ்டருக்கு நகலெடுத்தபோது: பக்கம் பக்கமாகப் படிப்பதில் உள்ள பொறிகள்

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஆவணத் தொகுப்பை இன்டெக்ஸ் என்பார்கள், சேர்ந்து இயங்கும் சர்வர்களைக் கிளஸ்டர் என்பார்கள். மூல இன்டெக்ஸிலிருந்து எத்தனை ஆவணங்கள் படிக்க வேண்டுமோ அத்தனையும் படித்தாயிற்று. பல ஆவணங்களை ஒரே கோரிக்கையில் எழுதும் பல்க் பதிலிலும் பிழை இல்லை. ஆனாலும் இலக்கு இன்டெக்ஸில் எண்ணிக்கை குறைந்தது. சில ஆவணங்கள் இரண்டு பக்கங்களில் வந்திருந்தன. அதே அளவு ஆவணங்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. இரண்டு முறை வந்தவை ஒரே ஐடியில் மேலெழுதப்பட்டதால் தடயமே இல்லை.

'இத்தனையாவதிலிருந்து இத்தனை' என்று பக்கம் கேட்கும் ஃப்ரம்–சைஸ் முறைக்கு 10,000 வரம்பு உண்டு. அந்த வரம்பு காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. 5 ஷார்டுகள் (இன்டெக்ஸின் துண்டுகள்) இருந்தால், 9,990-க்குப் பிந்தைய 10 ஆவணங்களைக் கேட்டாலும் ஒவ்வொரு ஷார்டும் 10,000 வரிகளை அனுப்ப வேண்டும். 50,000-ஐ வரிசைப்படுத்தி 10-ஐத் தருவார்கள். அதைத் தவிர்க்க நேரவாரியாகத் துண்டு போட்டோம். சிக்கல் அங்கே இல்லை, வரிசையில் இருந்தது. புதுப்பித்த நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினோம். மொத்தமாக ஏற்றிய ஆவணங்களுக்கெல்லாம் ஒரே மில்லிசெகண்ட். நேரம் சமமானால் லூசீன் (எலாஸ்டிக்சர்ச்சின் அடியிலுள்ள தேடல் நூலகம்) ஆவணத்துக்குத் தரும் உள் எண்தான் முடிவு செய்யும். பிரைமரியும் (முதன்மை ஷார்டு) ரெப்ளிகாவும் (அதன் நகல்) செக்மெண்டுகளை, அதாவது உள் கோப்புத் துண்டுகளை, தனித்தனியே இணைப்பதால் அந்த எண் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. முதல் பக்கம் பிரைமரியிலிருந்தும் அடுத்தது ரெப்ளிகாவிலிருந்தும் வந்தால் வரிசை கலைந்துவிடும்.

முந்தைய பக்கத்தின் கடைசி வரிசை மதிப்புக்கு அடுத்திருந்து தொடரும் செர்ச் ஆஃப்டருக்கு மாறினால் மட்டும் போதாது. நேரம் மட்டும் இருந்தால் பக்க எல்லையில் அதே மில்லிசெகண்டில் மிஞ்சியவை மொத்தமாக விடுபடும். இரண்டாவது சாவி ஒன்று வேண்டும், அது தனித்துவமானதாக இருக்க வேண்டும். ஐடி ஃபீல்டையே வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். அதற்கு டாக் வேல்யூ (வரிசைப்படுத்த வட்டில் வைக்கும் அமைப்பு) கிடையாது, ஹீப்பை, அதாவது நினைவகத்தை, விழுங்கும். ஐடியின் நகலைத் தனி கீவேர்ட் ஃபீல்டில் (சரத்தைப் பிரிக்காமல் முழுதாக வைப்பது) வைப்பதே நல்லது.

ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலைக்கு எலாஸ்டிக்சர்ச் 7.10-இல் வந்த பாயிண்ட் இன் டைம் (இன்டெக்ஸின் அந்த நேரத்து உறைந்த காட்சி) போதும். 7.12-இலிருந்து அதற்கென்றே ஷார்ட் டாக் (_shard_doc) என்ற சமமுறிப்பு, அதாவது மதிப்பு சமமானால் வரிசையைத் தீர்க்கும் சாவி, இருக்கிறது. 4294967298 என்று வந்தால் பயப்பட வேண்டாம்: ஷார்டு 1, அதனுள் ஆவணம் 2, ஷார்டு எண் மேல் 32 பிட்டில் உட்கார்ந்திருக்கிறது. கீப் அலைவ் (அந்தக் காட்சியை உயிரோடு வைக்கும் நேரம்) அடுத்த பேட்ச் வரும் வரைக்குத்தான், முழு வேலைக்கும் அல்ல. பதிலில் வரும் புதிய பாயிண்ட் இன் டைம் ஐடியையே அடுத்த கோரிக்கையில் அனுப்புங்கள். மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடும் டிராக் டோட்டல் ஹிட்ஸை அணைத்துவிடலாம். பகுதி முடிவுகளை அனுமதிக்கும் அலவ் பார்ஷியல் சர்ச் ரிசல்ட்ஸை மட்டும் கட்டாயம் ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரு ஷார்டு விழுந்தாலும் 200 (வெற்றி) என்றே பதில் வரும், பக்கம் மெலிந்திருக்கும்.

நோடு (கிளஸ்டரின் ஒரு சர்வர்) விழுந்தால் அந்த பாயிண்ட் இன் டைமும் போகும். சேமித்த ஷார்ட் டாக் எண்ணுக்கு அதன்பின் பொருளில்லை. நடுவில் நின்றால் தொடர வேண்டிய நகலுக்கு நேரம் + கீவேர்ட் சாவிதான் வழி, அதுவும் ஏறுவரிசையில். ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தப்பட்ட ஆவணம் ஏறுவரிசையில் கடைசிக்கு நகர்ந்து மறுபடி நம்மிடம் வரும். இறங்குவரிசையில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பல்க்கில் ஒவ்வொரு வரியும் வெற்றி பெற்ற பிறகே செக்பாயிண்ட் (எதுவரை முடிந்தது என்ற குறிப்பு) எழுதுங்கள். 200 வந்தாலும் எர்ரர்ஸ் ட்ரூவாக இருக்கலாம். 429 (சுமை அதிகம்) வந்தவற்றை மட்டும் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பினால் போதும். ஆவணம் எந்த ஷார்டுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் ரவுட்டிங் மதிப்பையும் கூடவே நகலெடுங்கள்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது எண்களின் துல்லியம். நேரமே இல்லாத ஆவணங்களுக்கு ஏறுவரிசையில் 9223372036854775807 என்று மதிப்பு வரும். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991-க்கு மேல் முழுஎண்ணைச் சரியாகப் பிடிக்காது. கடைசி இலக்கங்கள் உருண்டு, திருப்பி அனுப்பும் எண் வேறொன்றாகிவிடும். நானோவிநாடி வரை நேரம் வைக்கும் டேட் நானோஸுக்கும் இதே கதிதான். வரிசையில் ஃபார்மேட் கொடுத்து நேரத்தைச் சரமாக வாங்குங்கள். நேரமில்லாத ஆவணங்களைத் தனி ஓட்டமாக, சாவி வரிசையில் மட்டும் எடுத்தோம்.

முதல் நகலுக்குப் பின் மாற்றங்களை மட்டும் எடுக்கும்போது, ஆவணத்தில் நேரம் விழுவதற்கும் அது தேடலில் தெரிவதற்கும் இடையே ரெஃப்ரெஷ் இருக்கிறது, இயல்பாக 1 விநாடி. முந்தைய நேரம் கொண்ட ஆவணம் பிந்தித் தெரியலாம். அதனால் ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் பின்னால் போய்த் தொடங்கினோம். பழையது புதியதை அழிக்காமலிருக்க, எக்ஸ்டர்னல் ஜிடிஇ (இருப்பதற்குச் சமமோ அதிகமோ ஆனால் மட்டும் ஏற்கும்) வெர்ஷனாக நேரத்தின் மில்லிசெகண்டையே கொடுத்தோம். மூலத்தின் வெர்ஷன் எண் இதற்கு உதவாது: அழித்துச் சற்றுக் கழித்து மறுபடி உருவாக்கினால் அது 1-இலிருந்து தொடங்கும், இலக்கு ஏற்காமல் 409 (வெர்ஷன் முரண்) சொல்லும்.

அழிக்கப்பட்டவை எந்தப் பக்கத்திலும் வராது. மூலத்தில் 'நீக்கப்பட்டது' என்று கொடியிடுங்கள். முடியாவிட்டால் இரு பக்கச் சாவிகளையும் வரிசையாகப் படித்து ஒப்பிட வேண்டியதுதான்.

சரிபார்க்க இன்டெக்ஸ்களைப் பட்டியலிடும் கேட் இன்டிசஸ் எண்ணிக்கையை நம்பாதீர்கள், நெஸ்டட் ஆவணங்களும் (ஆவணத்துக்குள் மறைவாக இருக்கும் உள் ஆவணங்கள்) அதில் சேரும். இலக்கை ரெஃப்ரெஷ் செய்துவிட்டு, இரு பக்கமும் மணிவாரி டேட் ஹிஸ்டோகிராம் (நேர இடைவெளிக்கு எத்தனை ஆவணம் என்ற கணக்கு) எடுத்து ஒப்பிட்டால் எந்த மணி நேரத்தில் குறைகிறது என்று உடனே தெரியும். அந்த மணியை மட்டும் மறுபடி ஓட்டலாம்.