தோம்புத் தண்ணீரும் தாத்தாவின் உர ஸ்டோரும்

போன வாரம், படிவம் நான்கு படிக்கும் பேத்தி பள்ளியிலிருந்து, அமிலத்தை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் (எண் 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல்) கொண்டுவந்து, கூரைத் தண்ணீர் விழும் தோம்பில் முக்கினாள். ஆரஞ்சும் மஞ்சளுமாக 5-க்குப் பக்கத்தில் நின்றது. "தாத்தா, ஆசிட் மழை!" என்று ஒரே கூச்சல். சுத்தமான மழையே கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில்தான் விழும், இந்தத் தாளுக்கு அரைப் புள்ளியெல்லாம் தெரியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கிராணியாக இருந்தவன் நான். ஆசிட் என்றால் எனக்கு ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்தான். ஒரு சொட்டு பட்டால் விரலில் தோல் வெளுத்து உரியும். மழையில் வருவதற்கு ஆள் வேறு.

முதல் ஆள் நிலக்கரி மின் நிலையம். கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடு வாயுவாகி, மழையில் அமிலமாக இறங்கும். அமெரிக்காவில் 1990-இல் மின் நிலையங்கள் மட்டும் 15.7 மில்லியன் டன் கந்தக டைஆக்சைடு கக்கின. 1995-இல் உச்சவரம்பு வந்தது. புகையைச் சுண்ணாம்புக் கரைசலில் கழுவினார்கள், கந்தகம் குறைந்த கரிக்கு மாறினார்கள், அப்புறம் எரிவாயு. 2020-இல் ஒரு மில்லியனுக்கும் கீழே. இப்படி ஓர் இறக்கத்தை உர விலையில் நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது கப்பல். கிள்ளானுக்கு வரும் கப்பலானாலும் சரி, புகை கழுவும் கருவி இல்லையென்றால் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 2020-இல் 0.5-க்கு இறங்கியாக வேண்டும். நம் மலேசிய டீசலும் 2021-இல், கந்தகம் மிகக் குறைந்த ஈரோ 5 தரத்துக்கு மாறியது. மழையில் அமிலமாகும் இன்னொன்றான நைட்ரஜன் ஆக்சைடுதான் லேசில் அடங்காது. எஞ்சின் சூட்டில் காற்றிலிருந்தே உண்டாவது அது.

கடைசியில் விவசாயம். உரத்திலிருந்து கிளம்பும் அமோனியா காற்றில் இருக்கும்வரை அமிலத்தைத் தணிக்கும். மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்க, மண் புளித்துவிடும். இதைச் சொல்லும்போது எனக்கே நாக்குத் தடுமாறியது. லோரியிலிருந்து சல்பேட் ஆஃப் அமோனியா உர மூட்டைகளை எண்ணி இறக்கிக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே? மூட்டை கிழிந்தால் சீனி மாதிரி சிந்தும். அதன் ஈரத்தில் ஸ்டோர் கதவுக் கீலை மூன்று தடவை மாற்றினேன்.

பேத்தி நோட்டில் 'விவசாயம்' என்று எழுதி, பக்கத்தில் 'தாத்தா' என்றும் போட்டிருக்கிறாள். டீச்சர் பார்ப்பதற்குள் அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.