புத்தகத்தை மூடச் சொன்ன சேர்

பத்தாம் வகுப்பு இரண்டாம் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நான் எடுத்த புள்ளி 38. படிக்காமல் எடுத்த புள்ளி அல்ல அது. இரண்டு கிழமையாக இரவு பதினொரு மணி தாண்டியும் மேசையை விட்டு எழும்பவில்லை. புத்தகத்தில் மஞ்சள் மையால் கோடிடாத பக்கமே கிடையாது. சில பந்திகளை ஐந்தாறு தடவை வாசித்திருந்தேன். வினாத்தாள் கைக்கு வந்தபோது அதிலிருந்த சொற்கள் எல்லாம் பழகிய முகங்களாகத்தான் தெரிந்தன. இதயத்தின் படம் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மேலேயா கீழேயா என்பதுகூடக் கண்ணுக்குள் நின்றது. பேனையை எடுத்தால் அந்தப் படத்தின் பாகங்களுக்குப் பெயர் வரவில்லை. குருதி எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடைத்தாள்களைத் திருப்பித் தந்த நாளில் விஞ்ஞான சேர் என்னை வகுப்பு முடிந்ததும் நிற்கச் சொன்னார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"எப்பிடிப் படிச்சனி?"

புத்தகத்தை நீட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை மூடி மேசையில் குப்புற வைத்தார். லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்துத் தந்தார்.

"இதயத்தைப் பற்றி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் இதில எழுது. பத்து நிமிசம். புத்தகத்தைத் தொடாத."

மூன்று வரியும் பாதிப் படமும்தான் வந்தன. அவர் புத்தகத்தை விரித்துத் தந்து, என் கையில் ஒரு சிவப்புப் பேனையையும் வைத்தார். விட்டதையும் பிழையையும் நானே சிவப்பில் எழுத வேண்டும். சோணையறை, இதயவறை, முக்கூர் வால்வு, இருகூர் வால்வு என்று எழுத எழுதத் தாள் சிவந்துகொண்டே போனது. நீல மையில் நான் எழுதியிருந்த மூன்று வரியில் ஒன்று, "நாடிகள் ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டு செல்லும்" என்பது. அதில் விரலை வைத்தார்.

"எல்லா நாடியுமோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, ஏனென்றால் விடையைச் சொல்லிவிடுவது அவருக்கு எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும். வலது இதயவறையிலிருந்து குருதி எங்கே போகிறது என்று படத்தில் விரலால் கோடு பிடித்துக்கொண்டு போனபோதுதான் பிடிபட்டது. நுரையீரல் நாடியில் போவது ஒட்சிசன் குறைந்த குருதி. இதயத்தை விட்டு வெளியே கொண்டுபோவதால்தான் அது நாடி. உள்ளே என்ன ஓடுகிறது என்பது வேறு கதை.

"நீலத்தில கிடக்கிறது உனக்கு வரும். சிவப்பில கிடக்கிறதுதான் இனி உன்ர பாடம். நாளைக்கு வந்து இன்னொரு தாளில எழுது" என்றார்.

மறுநாள் எழுதினேன். மூன்று நாள் விட்டு எழுதச் சொன்னார். பிறகு ஒரு கிழமை விட்டு. பிறகு ஒரு மாதம் கழித்து, நான் முற்றாக மறந்துபோயிருந்த ஒரு காலையில், இடைவேளைக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் சிவப்பு வற்றி நீலம் நிறைவது தெரிந்தது. ஒரு மாதம் கழித்து எழுதிய தாளில் சிவப்பு மறுபடியும் கொஞ்சம் கூடியிருந்தது. நான் மனம் உடைந்து நின்றேன். மறந்துபோகும் நேரம் பார்த்து நினைவுபடுத்தினால்தான் நிற்கும் என்று சொன்னார். அப்போது அது ஆறுதல் வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆறுதல் இல்லை, உண்மை என்று தெரியவந்தது வெகுகாலம் கழித்து. ஜேர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து பார்த்து 1885 இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே பெருமளவு நடந்துவிடுகிறது, அதன்பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாட்களுக்கிடையே பரப்பிப் படித்தால் குறைந்த தடவையிலேயே மனதில் நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். சேருக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை.

என் 38 புள்ளிக்கு விளக்கம் கிடைத்தது இன்னொரு ஆய்வில். 2006 இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பந்தியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னணியில், 83 வீதம். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு கிழமை போனதும் கதை தலைகீழ். வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்தவர்களும் வாசித்த குழுவினரே.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது. ஆறாவது தடவை வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடும். எல்லாம் தெரிந்தது போலிருக்கும். தெரிந்தது பந்திதான், பாடம் இல்லை. இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம், இன்றும் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள். கஷ்டப்பட்டுப் படிக்கிறார்கள் என்பதுதான் வேதனை. சோம்பேறிப் பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால் காரணம் தெரியும். இரவிரவாக விழித்த பிள்ளைக்குக் குறைந்தால், தனக்கு மூளை இல்லை என்று அது முடிவுகட்டிவிடுகிறது. நானும் ஒரு கிழமை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கணிதத்தில் வேறு விதமான சிக்கல். பயிற்சியில் எல்லாம் சரியாக வரும், பரீட்சையில் வராது. நண்பன் ஒருவன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான். அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் இருபது கணக்கும் ஒரே வகை. எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று யோசிக்கவே தேவையில்லை, தலைப்பிலேயே இருக்கிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு இல்லை. ஆகவே பழைய வினாத்தாள்களைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் தனித் துண்டாக வெட்டி, ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்கினோம். கையை விட்டு எடுத்தது எதுவோ அதைச் செய்ய வேண்டும். திரிகோண கணிதத்துக்கு அடுத்து நிகழ்தகவு வரும், அதற்கடுத்து இருபடிச் சமன்பாடு. முதல் கிழமை படுமோசமாக இருந்தது. முன்பு தலைப்பு வாரியாகச் செய்தபோது பத்துக்கு ஒன்பது சரி வந்த எனக்குப் பெட்டியிலிருந்து எடுத்தால் பத்துக்கு ஐந்துதான் வந்தது. விட்டுவிடலாம் என்று சொன்னேன். நண்பன் விடவில்லை. அவனுடைய பிடிவாதத்துக்கு நான் கடன்பட்டவன். 2007 இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் இதே விஷயத்தை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். கனவளவுக் கணக்குகளைக் கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள், ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில் மற்றவர்களைவிட மூன்று மடங்கு புள்ளி எடுத்தார்கள்.

நேரசூசி பற்றியும் எழுத வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். ஐந்து நிறத்தில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டும் நேரசூசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைக் கீறும் நேரத்தில் ஒரு தாள் எழுதிவிடலாம். நித்திரை வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, அன்று படித்தது தலையில் படிவது நித்திரையில்தான். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

பிழைக் கொப்பி என்று ஒன்று வைத்திருந்தேன். இதுவும் சேர் சொல்லித்தான். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் இழந்த புள்ளிகளை எழுதி, ஏன் இழந்தேன் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். தெரியாமல் விட்டதா, தெரிந்தும் அவசரத்தில் விட்டதா, கேள்வியைப் பிழையாக விளங்கியதா. தெரியாமல் விட்டதுதான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எண்ணிப் பார்த்தால் கேள்வியைப் பிழையாக விளங்கியதே அதிகம். "ஒப்பிடுக" என்று கேட்டிருக்கும். நான் ஒன்றைப் பற்றி ஒரு பந்தி, மற்றதைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருப்பேன். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு வசனம்கூட இருக்காது. நாலு புள்ளிக் கேள்விக்கு ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லியிருப்பேன். பாடம் தெரிந்தும் போன புள்ளிகள் அவை. புள்ளித்திட்டத்தை வைத்துக்கொண்டு என் விடையை நானே திருத்தத் தொடங்கிய பிறகுதான், திருத்துபவர் என்ன தேடுகிறார் என்று தெரிந்தது.

பாடமாக்குவதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வரைவிலக்கணமும் சூத்திரமும் தலையில் இருக்கத்தான் வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் எதை வைத்து யோசிப்பது? ஆனால் பாடமாக்கியது விளங்கியிருக்கிறதா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். அந்தச் சோதனை எனக்கு நண்பர்களிடமிருந்து கிடைத்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேர் வகுப்பறையில் தங்கிவிடுவோம். ஒருவர் கரும்பலகைக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டும், மற்ற இருவரும் கேள்வி கேட்கலாம். ஒருநாள் என் முறை, பிரசாரணம். உயிர்க் கலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நீர் எப்படி நகர்கிறது என்ற பாடம். உப்புக் கரைசலில் போட்ட கலம் சுருங்கும், ஏனென்றால் நீர் வெளியேறுகிறது என்றேன்.

"நீர் ஏன் வெளியால வருது?"

"வெளியில உப்புக் கூட. அதால."

"அப்ப உப்பு உள்ள போகலாம்தானே? ஏன் போகேல்லை?"

வெண்கட்டியோடு நின்றேன். வரைவிலக்கணத்தில் "பங்கூடுபுகவிடும் மென்சவ்வு" என்ற சொல்லை நூறு தடவை சொல்லியிருப்பேன். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒருதடவைகூட யோசித்ததில்லை. நீரை விடும், உப்பை இலகுவில் விடாது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பிரசாரணமே இல்லை. கேட்டவன் வகுப்பில் எங்களைவிடப் பின்னால் இருந்தவன். விளங்காததை விளங்கவில்லை என்று வெட்கப்படாமல் சொல்லும் துணிவு அவனிடம்தான் இருந்தது. இறுதிப் பரீட்சையில் அவன் எடுத்த பெறுபேற்றைப் பார்த்து நாங்கள் இருவரும் எங்களுடையதைவிட மகிழ்ந்தோம்.

13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறது. ஆசான் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் பிடிபடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. இந்தச் சூத்திரத்தை அந்த வருடமே தமிழ்ப் பாடத்தில் பரீட்சைக்காகப் படித்திருந்தோம். கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாட்களில் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை என்பது எனக்கு இன்றும் கவலை.

மூன்றாம் தவணையில் விஞ்ஞானத்துக்கு 71 எடுத்தேன். சேர் விடைத்தாளைத் தந்தபோது, அந்த 29 எங்கே போனது என்று பிழைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பிற்காலத்தில் வேலைக்காக எழுதிய தொழில்சார் பரீட்சைகள் எல்லாவற்றையும் அதே வெள்ளைத் தாளும் சிவப்புப் பேனையுமாகத்தான் கடந்தேன்.

எமது பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் உபகரணமும் அனுப்புகிறது. அது தொடர வேண்டும். இந்த மலரை வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது பணம் இல்லை, கிழமைக்கு அரை மணி நேரம். பாடம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சொல்லிக் காட்டுவதற்குப் பிள்ளைகளுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாணவியோடு காணொளி அழைப்பில் இருக்கிறேன். விஞ்ஞானத்தில் பலதும் எனக்கு மறந்துவிட்டது, அதனால் என் கேள்விகள் உண்மையான கேள்விகளாகவே இருக்கின்றன. அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுகிறார். நான் "ஏன்?" என்கிறேன்.

போன கிழமை இதயம். சோணையறை, இதயவறை, வால்வுகள் எல்லாம் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், நாடிகள் ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டுபோகும் என்றார்.

"எல்லா நாடியுமோ?" என்றேன்.

சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தபடி காற்றில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார்.

"பொறுங்கோ அங்கிள்," என்றார். "புத்தகத்தைத் திறக்கேல்லை. யோசிக்கிறன்."