ரெக்கைய வெட்டிக்கிட்ட தாய் விமானம்

பிப்ரவரி 6, வியாழன்

சனிக்கிழமை அரிசோனாவுல இருக்கற டூசான் போறது உறுதி. பிமா ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துல நிக்கிற 003ங்கற விமானத்தைப் பாக்கணும், எத்தனை வருஷத்து ஆசை. பி-52 குண்டுவீச்சு விமானம்தான், ஆனா இது போர்க்களத்துக்கே போகல, எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை மேல தூக்கிட்டுப் போய் விடுறதுக்குன்னே மாத்துனாங்க. எக்ஸ்-15ன்னா எல்லாருக்கும் தெரியுது, அதைச் சுமந்தது எதுன்னு கேட்டா முழிக்கிறாங்க, அதுதான் எனக்கு மனசு ஆறல.

பிப்ரவரி 8, சனி

பாத்துட்டேன்! நேரா வலது ரெக்கைக்குக் கீழதான் போனேன். விமானத்தோட உடம்புக்கும் உள்பக்க இன்ஜினுக்கும் நடுவுல பைலான், அதாவது ரெக்கைக்கடியில இருக்கற தாங்கி, அதுலதான் சுமார் 15 டன் எடையுள்ள எக்ஸ்-15 தொங்கும். கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னு அண்ணாந்து பாத்தா ரெக்கையோட பின் ஓரத்துல ஒரு வெட்டு, எக்ஸ்-15ஓட வால் முட்டாம இருக்கறதுக்காக எடுத்தது. சின்னதுக்கு இடம் விடணும்னு பெருசு தன் ரெக்கையையே விட்டுக்குடுத்திருக்கு. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன், பையன் வந்து கையப் பிடிச்சு இழுத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேத்து பையன் கேட்டான், பைலட் எப்பப்பா எக்ஸ்-15க்குள்ள ஏறுவார்னு. தரையிலயே ஏறிடணும்டா, பறக்கும்போது ரெக்கைக்கடியில போக வழியே கிடையாதுன்னேன். எக்ஸ்-15 எரிபொருளை எரிக்கறதுக்கு வச்சிருக்கற திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ்ல கொதிச்சு ஆவியாகிட்டே இருக்கும், அதனால போற வழியெல்லாம் பி-52 தன் டேங்க்ல இருந்து குறையக் குறைய நிரப்பிட்டே போகும், பசிக்குற பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி. 45,000 அடியில கொக்கி விட்டுடும். 1959 ஜூன் 8, பைலட் ஸ்காட் கிராஸ்ஃபீல்டு எக்ஸ்-15ல முதல் தடவை தனியாப் பிரிஞ்சு, இன்ஜின் போடாம சறுக்கிட்டே இறங்கினப்ப சுமந்தது இந்த 003தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

003க்குக் கூடப்பிறந்தது 008, அதுவும் இதே வேலைக்கு மாத்துன பி-52தான். 1968 வரைக்கும் எக்ஸ்-15 பறந்த 199 தடவையும் இந்த ரெண்டும்தான் பங்கு போட்டுத் தூக்கிச்சு. 003 ஓய்வெடுத்த பிறகும் 008 விடல, 1990ல பெகாசஸ் ராக்கெட்ட முதல்முதலா ஏவுச்சு, 2004 நவம்பர் 16 அன்னிக்கு எக்ஸ்-43ஏங்கற ஆளில்லாத சோதனை விமானம் கிட்டத்தட்ட மாக் 9.6, அதாவது ஒலியை விட 9.6 மடங்கு வேகம் தொட்டதும் இதுல இருந்து கிளம்பித்தான். அடுத்த மாசமே ஓய்வு குடுத்துட்டாங்க. இப்ப கலிபோர்னியாவுல எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தோட வடக்கு கேட் பக்கம் நிக்குது. கோடை லீவுல அங்கதான் போறோம், பையன்கிட்ட சொல்லியாச்சு.