பல்லையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்த அனுபவம்

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பல் பரிசோதனைப் பதிவுகளையும் அந்தந்த ஊர்க் குடிநீரில் இருக்கும் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் உப்பு) அளவையும் இணைப்பதுதான் என் முதுநிலை ஆய்வு. இரண்டு பதிவும் அரசிடம் இருக்கிறது, ஊர்ப் பெயரை வைத்துச் சேர்த்தால் முடிந்ததே என்றுதான் கேட்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அனுமதி வாங்கியது பெரிய கதை இல்லை. கல்லூரியின் நெறிமுறைக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர், தண்ணீர்ப் பதிவு வைத்திருக்கும் அலுவலகம். கடைசி இடத்தில் மட்டும் 'ஃபைல் மேலே போயிருக்கு' என்ற பதிலோடு பல மாதம் ஓடியது. பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்வேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பாதிக் கேள்விகள் வராது.

அப்புறம் ஊர்ப் பெயர்கள். பள்ளிப் பதிவேட்டில் ஊராட்சியின் பெயர் இருக்கும், தண்ணீர்ப் பதிவில் குக்கிராமத்தின் பெயர். கொட்டாய் என்று முடியும் ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம். புதூருக்கும் பஞ்சமில்லை. கணினி பொருத்திக் கொடுத்ததை நான் நம்பவில்லை. ஊராட்சிச் செயலரையும் டேங்க் ஆபரேட்டரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தெருவுக்கு எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிறது என்று குறித்துக்கொண்டேன். ஒரே ஊரில் மேலத்தெருவுக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), காலனிக்கு வேறு போர். ஊர் சராசரியைப் போட்டிருந்தால் இரண்டு தெருவின் கணக்கும் கெட்டிருக்கும்.

உண்மையான சிக்கல் காலம். ஃபுளோரைடு பல்லைக் கெடுப்பது, எனாமல் என்னும் பல்லின் கெட்டியான மேலடுக்கு உருவாகும் வயதில்தான். நிரந்தர முன்பற்களின் எனாமல் ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதனால் பத்தாம் வகுப்புப் பையனின் பல்லில் தெரியும் காவிப் பட்டை, அவன் தவழ்ந்து நடந்த காலத்துத் தண்ணீரின் கணக்கு. இன்றைய சோதனை முடிவை அவன் பெயருக்கு நேரே போடுவதில் பொருளே இல்லை. அதிலும் இங்கே 2013-ல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, பல ஊர்களில் தண்ணீரே மாறிவிட்டது. 2022-ல் நான் பார்த்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போர் தண்ணீரில் வளர்ந்தவர்கள், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் திட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆகவே பழைய சோதனைப் பதிவேடுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் அளவே இல்லை, '1.5-க்கு மேல்' என்று மட்டும் இருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. அதற்கு மேல் இரண்டா ஐந்தா என்று தெரியாவிட்டால் பாதிப்பின் ஏற்ற இறக்கத்தை எப்படிக் கணக்கிடுவது? அந்தப் பதிவேடுகளை '1.5 வரை', '1.5-க்கு மேல்' என்று இரண்டே வகையாகப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளித் தாழ்வாரத்தில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. எங்கள் கணக்குப்படி சுத்தமாக இருக்க வேண்டிய மேல் முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு. கூட்டிப்போக வந்திருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும்தாங்க சார். அது தெனமும் வராதே. சோறாக்க, கொழம்பு வைக்க எல்லாம் போர் தண்ணிதான்."

எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை. அன்றே படிவத்தில் 'சமையலுக்கு எந்தத் தண்ணீர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சில ஊர்களில் தொட்டியிலேயே இரண்டு தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள் என்பதும் அதற்கு வந்த பதில்களில்தான் தெரிந்தது.

இப்போது அட்டவணையில் போர், ஒகேனக்கல், கலப்பு என்று மூன்று குழுக்கள். கலப்புக் குழுவை நீக்கிவிட்டால் முடிவு பளிச்சென்று வரும் என்கிறார் என் வழிகாட்டி. நீக்கினால் பாதி ஊர்கள் போய்விடும், அதுவும் இன்றைக்கும் ஃபுளோரைடு உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஊர்கள். வைத்தே எழுதுகிறேன்.