புல்லட் ஹெட்டில் விரிசல் தேடிய மூன்று வாரம்

பழைய புல்லட்டின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒளிரும் பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி, புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாய மருந்து) வாங்கி மூன்று வாரமாக மல்லுக்கட்டினேன். (காந்தத் தூள் போட்டுப் பார்க்கும் முறை அலுமினியத்தில் எடுபடாது.)

முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஹெட் நல்லாத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் குன்னூர் ஜனவரிக் காலையில் ஷெட்டுக்குள் 8 டிகிரி, அந்தக் குளிரில் மருந்து கெட்டியாகி விரிசலுக்குள் மெதுவாகத்தான் ஊரும், நானோ 10 நிமிடத்திலேயே துடைத்துவிட்டேன். போதாக்குறைக்கு க்ளீனரை ஹெட் மேலேயே பீய்ச்சி, உள்ளே போன கொஞ்சநஞ்சத்தையும் கழுவிவிட்டேன். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டுமாம்.

அடுத்த வாரம் ஹெட்டை வெயிலில் காயவைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டேன். அப்பவும் எல்லாம் ஊதாவாகத்தான் தெரிந்தது. சந்தேகம் என் புற ஊதா டார்ச் மேல் போனது. ஒரு தம்ளர் டானிக் வாட்டரில் (கசப்பு சோடா) அடித்துப் பார்த்தேன், மங்கலாக ஒரு நீலம். நண்பனின் 365 நானோமீட்டர் அலைநீள டார்ச்சில் அதே தம்ளர் பளீரென்று எரிந்தது. என்னுடையது 395, அதன் ஊதா வெளிச்சமே சாயத்தின் ஒளியை அமுக்கிவிடுகிறது. டானிக் வாட்டரில் ஒளிர்வது க்வினைன். 1860களில் நம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரம் நட்டது இந்த க்வினைனுக்குத்தான், மலேரியா மருந்துக்கு.

பெனட்ரன்ட்டில் பெரும்பாலும் இரண்டு சாயம். முதலாவது க்வினைன் மாதிரியே புற ஊதாவை வாங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டு, மிச்சத்தை நீலமாக வெளியிடும். இரண்டாவது அந்த நீலத்தை வாங்கி மஞ்சள் கலந்த பச்சையாக மாற்றும். எதற்கு இந்தச் சுற்றுவழி என்றால், பகலில் நம் கண்ணுக்கு அதிகம் படுவது 555 நானோமீட்டரை ஒட்டிய அந்தப் பச்சைதான்.

மூன்றாவது வாரம் ராத்திரி கரண்ட் போனது வசதியாகிவிட்டது. டெவலப்பரின் வெள்ளைப் பொடி உள்ளே இருந்த சாயத்தை உறிஞ்சி மேலே கொண்டுவர, பத்து நிமிடத்தில் பிளக் துளையிலிருந்து எக்ஸாஸ்ட் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) வரை பச்சையாக ஒரு கோடு. பக்கத்திலேயே நீலமாக இன்னொன்று, பயந்தே போனேன். துடைத்த வேட்டித் துணியின் நூல் அது, சோப்புத்தூளில் வெளுப்புக்குச் சேர்ப்பதும் இப்படி ஒளிருமே.

லேத் பட்டறை அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். "வெல்டிங் வச்சா சீட்டையும் மாத்தணும் தம்பி, வேற ஹெட் கிடைக்குதான்னு பாரு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.